சேணப் பொருத்துநர் அருகில் இல்லாதபோது குதிரைக்குப் பொருந்தும் சேணம் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சேணம் வாங்கப் புறப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் சேணத்தைப் பிடித்துப்போய் வாங்குகிறார்கள். அதன் பிறகுதான் அது தங்கள் குதிரைக்குச் சேருமா என்று பார்க்கிறார்கள். பொருத்துநர் பக்கத்தில் இருந்தால் அவர் நேரில் வந்து தடுத்துவிடுவார். அப்படி ஒருவர் இல்லாதபோது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் குதிரையின் முதுகு, அடுத்து அந்த முதுகின் வடிவம் தாளில், அதற்கும் அடுத்துத்தான் சேணம். புதியவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்துப் பார்த்து இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். ஒரு படியைத் தாண்டினால் அதற்கான விலையைக் குதிரையின் முதுகுதான் கொடுக்கும்.

அடிமெத்தை கொண்ட ஆங்கில வகைச் சேணத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அமெரிக்க மாட்டுப்பண்ணை வழக்கிலிருந்து வந்த வெஸ்டர்ன் வகை எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கே குறிப்பிடுகிறேன்.

தொடர்ந்து வரும் சில சொற்கள்: கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும்பி நிற்கும் எலும்பு தோள்மேடு. சேணத்தின் உள்ளே இருக்கும் ட்ரீ என்ற கட்டமைப்பை உள்சட்டம் என்கிறேன். முதுகில் படியும் பேனல்கள் அடிமெத்தைகள். இரண்டு அடிமெத்தைகளுக்கும் நடுவே முதுகெலும்புக்காக விடப்பட்ட வழி நடுக்கால்வாய். சேணத்தை இறுக்கிக் கட்டும் கர்த் வயிற்றுவார். இருக்கையின் முன்பக்க எழுச்சி முன்மேடு, பின்பக்க எழுச்சி பின்மேடு. சவாரி செய்பவரின் காலுக்கு அடியில் தொங்கும் தோல்மடல் பக்கமடல்.

1. குதிரையின் உடல்நிலையை முதலில் உறுதி செய்யுங்கள்

புதுச் சேணம் வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு தொல்லையிலிருந்தே பிறக்கிறது. வயிற்றுவாரைக் கட்டும்போது குதிரை கடிக்க வருகிறது. ஏறி உட்கார்ந்ததும் முதுகைத் தாழ்த்துகிறது. ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. இவை சேணத்தால் வரலாம். குளம்பு, பல், மூட்டு, முதுகெலும்பு, இரைப்பைப் புண் ஆகியவற்றாலும் வரலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் சேணத்தை மாற்றினால், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் சேணத்தை மேலும் மேலும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வலிக்கும் முதுகில் தசை இறுகியோ வற்றியோ இருக்கும். அந்த நிலையில் அளவெடுத்தால் வலியின் வடிவத்துக்குச் சேணம் வாங்கியதாகிவிடும். முதுகு ஆறி, மேலே ஏறாமல் தரையில் நின்றபடி தரும் தரைப்பயிற்சி சில வாரங்கள் முறையாக நடந்த பிறகு அளவெடுங்கள்.

வளர்ந்துகொண்டிருக்கும் இளங்குதிரை, நீண்ட ஓய்விலிருந்து திரும்பிய குதிரை, எடை வெகுவாகக் கூடியோ குறைந்தோ வரும் குதிரை ஆகியவற்றின் முதுகு சில மாதங்களிலேயே மாறிவிடும். இவற்றுக்கு விலையுயர்ந்த சேணத்தை இப்போதே வாங்காதீர்கள். அடிமெத்தைக்குள் இருக்கும் திணிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய எளிய சேணமே போதும்.

2. தேவையான பொருட்கள்

முதன்மையானது, வரைபடம் வரைவோர் பயன்படுத்தும் வளையும் அளவுகோல். வளைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும் வகை அது. 60 செ.மீ. நீளம் இருக்கட்டும், குட்டையானதை வாங்கினால் ஒரு பக்கத்தின் பாதியிலேயே முடிந்துவிடும். அது கிடைக்காத இடத்தில், கையால் வளைக்க முடிகிற, ஆனால் எடுத்த பிறகு வடிவம் மாறாத தடித்த உலோகக் கம்பியைப் பயன்படுத்தலாம்.

பெரிய தாள்கள், கெட்டியான அட்டை, கத்தரிக்கோல், அளவு நாடா, சாக்குக்கட்டி, மார்க்கர் பேனா, கேமரா உள்ள கைபேசி ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். குதிரையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும். தனியாக அளவெடுத்தால் குதிரை அசைந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

3. சேணம் உட்காரக்கூடிய எல்லைகளைக் குறியுங்கள்

சேணத்தின் எடையைத் தாங்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் திட்டவட்டமான எல்லைகள் உண்டு. இரண்டையும் விரலால் தேடிச் சாக்குக்கட்டியால் குறிக்க வேண்டும்.

முன் எல்லை தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பு. தோள்மேட்டின் கீழே கையை அழுத்தி முன்னிருந்து பின்னாகத் தடவினால், கெட்டியான விளிம்பு முடிந்து தசை தொடங்கும் இடம் தட்டுப்படும். தெளிவாகப் பிடிபடாவிட்டால், உதவியாளரை முன்னங்காலை மெல்லத் தூக்கி முன்னே நீட்டச் சொல்லுங்கள். எலும்பின் மேல்பகுதி பின்னால் நகர்வதைக் கையே உணரும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் தோள் தசைகளால் மட்டுமே உடலோடு பிணைந்திருக்கிறது. காலை முன்னே வீசும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை பின்னோக்கிச் சுழல இடம் வேண்டும். அதனால் விளிம்புக்குப் பின்னால் இரண்டு, மூன்று விரல் அகலம் விட்டே சேணத்தின் உள்சட்டம் தொடங்க வேண்டும்.

பின் எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்குப் பொதுவாக 18 இணை விலா எலும்புகள் இருக்கின்றன. விலாப்பக்கத்தில் கடைசி எலும்பைத் தேடிப் பிடித்து, அதன் போக்கிலேயே மேலே வாருங்கள். மேலே போகப் போக அது முன்னோக்கிச் சாயும். தசைக்குள் மறைந்த பிறகும் அதே வளைவைத் தொடர்ந்து முதுகெலும்பு வரை கோடு இழுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி எடை விழக் கூடாது. அதற்குப் பின்னால் இருப்பது இடுப்பு முதுகெலும்பு. விலா எலும்புகளின் தாங்குதல் அங்கே இல்லை.

பலர் கடைசி விலாவை நேராக மேலே இழுத்துவிடுகிறார்கள். அதனால் எல்லை பின்னால் தள்ளிப்போய், உண்மையில் இல்லாத இடம் இருப்பதாகத் தோன்றும். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். உயரமான குதிரைக்குக் குட்டையான முதுகு இருப்பது சாதாரணம். குதிரையின் உயரத்தை வைத்து இந்த நீளத்தை ஊகிக்க முடியாது.

4. முதுகைத் தாளில் எடுங்கள்

மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தொலைவிலிருக்கும் பொருத்துநர் உங்கள் குதிரையைப் பார்ப்பது இந்தத் தாள்கள் வழியாகத்தான்.

குதிரை சமதரையில் நிற்க வேண்டும். நான்கு கால்களும் உடலுக்கு நேர்கீழே சதுரமாக இருக்கட்டும். தலை இயல்பான உயரத்தில் நேராக இருக்கட்டும். தலையைத் தாழ்த்தினால் முதுகு மேலெழும்பும், தூக்கினால் குழிவிழும், பக்கவாட்டில் திருப்பினால் ஒரு தோள் முன்னே போகும். தீனி கொடுத்துக்கொண்டே அளவெடுப்பது மிகப் பரவலான தவறு. குதிரை அமைதியாக நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வரும் வடிவமோ வேறாக இருக்கிறது.

முதல் குறுக்கு வடிவம்: தோள்பட்டையின் பின்விளிம்புக்கு இரண்டு விரல் அகலம் பின்னால். வளையும் அளவுகோலின் நடுப்புள்ளியை முதுகெலும்பின் மேல் வைத்து, இரு பக்கமும் மெல்ல ஒட்டவையுங்கள். தோலைத் தொட வேண்டும், தசையை அமுக்கக் கூடாது. அமுக்கினால் குதிரை உண்மையில் இருப்பதைவிடக் குறுகலாகத் தெரியும். அளவுகோலை நேராக மேலே தூக்கி எடுத்து, அசையாமல் தாளில் வைத்து உள்விளிம்பில் கோடு வரையுங்கள்.

இரண்டாவது குறுக்கு வடிவம் முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில். மூன்றாவது கடைசி விலாக் கோட்டில். நான்காவதாக, தோள்மேட்டின் உச்சியிலிருந்து கடைசி விலாவைச் சற்றுத் தாண்டும் வரை முதுகெலும்பின் மேலாகவே நீளவாக்கில் ஒரு வடிவம் எடுங்கள். அளவுகோல் போதாவிட்டால் இரண்டு துண்டாக எடுத்து, பொதுவான ஒரு குறியில் இணைக்கலாம்.

ஒவ்வொரு தாளிலும் இடப்பக்கம், வலப்பக்கம், எந்த இடத்தில் எடுத்தது, தேதி ஆகியவற்றை உடனே எழுதுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மறுபக்கத்துக்கு அதையே புரட்டி வரையாதீர்கள். பல குதிரைகளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த வேறுபாடு பொருத்துநருக்கு மிகவும் தேவையான செய்தி: சேணத்தைப் பெரிய பக்கத்துக்கு ஏற்ப எடுத்து, சிறிய பக்கத்தைத் திணிப்பால் நிரப்புவதுதான் முறை. நீங்கள் புரட்டி வரைந்தால் அந்தச் செய்தி அழிந்துவிடும்.

ஒவ்வொரு வடிவத்தையும் குதிரையைச் சற்று நடக்கவிட்டு மீண்டும் ஒருமுறை எடுங்கள். இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் இரண்டில் எது சரி என்று ஆராயாமல் மூன்றாவதை எடுங்கள்.

கோடுகளை அட்டையில் பதித்து வெட்டி, அந்த அட்டையைக் குதிரையின் முதுகிலேயே வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வரைந்ததில் பிழை. இந்த ஒரு சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆனால் பிழை இங்கே பிடிபட்டால் திருத்துவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பிறகு படங்கள்: இரு பக்கங்களிலிருந்தும் முழு உடல், கேமரா முதுகின் உயரத்தில், குதிரைக்குச் செங்குத்தாக. பின்னாலிருந்து எடுக்கும் படத்துக்கு உயரமான ஒன்றின் மேல் நின்று முதுகெலும்பின் வழியே தோள்களைப் பார்த்து எடுங்கள். உதைபடாத தூரம் முக்கியம்.

5. தாள் சொல்வதைப் படியுங்கள்

நீளவாக்கு வடிவத்தை முதலில் பாருங்கள். முதுகு ஏறத்தாழ நேராக இருந்தால் நேரான உள்சட்டம் வேண்டும். குழிந்திருந்தால் வளைவான உள்சட்டம் வேண்டும். இதை மாற்றி வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். நேரான முதுகில் வளைந்த சட்டம் முன்னும் பின்னும் ஆடும். எடை நடுவில் ஒரே இடத்தில் குவியும். குழிந்த முதுகில் நேரான சட்டம் பாலம்போல் நிற்கும். முன்னும் பின்னும் மட்டும் அழுத்தும், நடுவில் காற்று இருக்கும். வெஸ்டர்ன் சேணத்தின் உள்சட்டத்தில் முதுகின் இருபுறமும் நீளவாக்கில் படியும் பார்கள் என்ற நீண்ட பட்டைகள் இருப்பதால் இந்தப் பாலத் தொல்லை அங்கே இன்னும் அதிகம். அவற்றைத் திணிப்பால் திருத்தவும் வழியில்லை.

அடுத்து முதல் குறுக்கு வடிவம். இங்கே அகலம், கோணம் என்று இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. இரண்டு குதிரைகளுக்கு அகலம் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றின் தோள் கூரைபோல் செங்குத்தாக இறங்கும், மற்றதன் தோள் சாய்வாகப் பரந்திருக்கும். ஒரே சேணம் இரண்டுக்கும் சேராது. உள்சட்டத்தின் முன்முனைகள் தோளின் சாய்வுக்கு இணையாக இறங்க வேண்டும் என்பதே விதி.

குறுகல், நடுத்தரம், அகலம் என்று சேணங்களில் போட்டிருக்கும் பெயர்களை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அவற்றுக்கு எல்லா உற்பத்தியாளர்களும் ஏற்ற பொது அளவு கிடையாது. ஒருவர் முன்முனைகளுக்கு இடையிலான தூரத்தைச் சொல்வார். இன்னொருவர் வேறு இடத்தில் அளப்பார். மற்றொருவர் நிறக் குறியீடு வைத்திருப்பார். ஒருவரின் நடுத்தரம் இன்னொருவரின் குறுகலாக இருக்கும்.

முன்பகுதி இரும்பை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள சேணங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பொருத்துநர் இல்லாதவருக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அந்த இரும்பு மாற்றுவது முன்பக்க அகலத்தை மட்டுமே. சட்டத்தின் வளைவோ நடுக்கால்வாயின் அகலமோ அடிமெத்தையின் வடிவமோ மாறாது. எல்லாக் குதிரைக்கும் சேரும் சேணம் என்று யாராவது அதை விற்றால் நம்ப வேண்டாம்.

தோள்மேடு உயர்ந்து, அதற்குப் பின்னால் இருபக்கமும் பள்ளமாக இருந்தால் முன்பகுதி அடிமெத்தை தடித்த சேணத்தைத் தேடுங்கள். தோள்மேடே தெரியாமல் முதுகு உருண்டையாக இருந்தால் அகன்ற, தட்டையான சட்டமும் அகன்ற நடுக்கால்வாயும் வேண்டும். அத்தகைய முதுகில் குறுகலான சேணம் மேலே மிதந்து பக்கவாட்டில் உருளும். வயிற்றுவாரை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

6. சவாரி செய்பவரின் அளவு

இது ஏன் இவ்வளவு பின்னால் வருகிறது என்றால், இருக்கையின் அளவை முதலில் முடிவு செய்தவர்கள் முதுகின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சேணத்தில் இருக்கை அளவு என்பது முன்மேட்டின் பக்கத்தில் தெரியும் சிறிய ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடுப்பகுதி வரை அங்குலத்தில் அளப்பது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம். வெஸ்டர்ன் சேணத்தை வேறு முறையில் அளப்பதால் அதன் எண் ஏறத்தாழ 2 அங்குலம் குறைவாக வரும்.

உட்கார்ந்தபின் உங்களுக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை அகலம் மிஞ்ச வேண்டும். தொடை நீளமானவருக்கு இருக்கையின் அளவைவிடப் பக்கமடலின் நீளமும் முன்சாய்வும் முக்கியம். உங்களுக்கு வேண்டிய இருக்கை கடைசி விலாவைத் தாண்டுமானால், அடிமெத்தை குட்டையாக வெட்டப்பட்ட வடிவங்களைத் தேடலாம். அதிலும் இடம் போதாவிட்டால் குதிரையின் எல்லைக்குத்தான் முதல் உரிமை.

7. தொலைவிலிருந்து வாங்கும்போது

எங்கோ இருக்கும் நல்ல பொருத்துநர் அருகில் உள்ள அரைகுறை விற்பனையாளரைவிட மேல். தாள்களை அஞ்சலில் அனுப்புவது சிறந்தது. படமாக அனுப்பினால் கேமரா கோணத்தால் வடிவம் திரியும். அதனால் ஒவ்வொரு தாளிலும் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்றை நீளத்திலும் இன்னொன்றை அகலத்திலும் வரைந்து, அவை தெரியுமாறு நேர்மேலிருந்து எடுங்கள். பெறுபவர் அந்தக் கோடுகளை வைத்து அளவைச் சரிபார்த்துக்கொள்வார்.

தாள்களோடு குதிரையின் வயது, உயரம், செய்யும் வேலை, உங்கள் உயரம், எடை, இப்போதைய சேணத்தில் என்ன தொல்லை என்பதையும் எழுதுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: சேணத்தைக் கவிழ்த்து எடுத்த படம், முன்னும் பின்னும் நேராக எடுத்த படங்கள், அடிமெத்தையின் மொத்த நீளம், நடுக்கால்வாயின் அகலம் முன், நடு, பின் என மூன்று இடங்களில், அடிமெத்தையில் இருப்பது கம்பளியா, நுரையா, உள்சட்டத்தின் அகலம் எப்போதாவது மாற்றப்பட்டதா. கம்பளித் திணிப்பைப் பின்னால் கூட்டவோ குறைக்கவோ முடியும். நுரை அப்படி எளிதில் மாற்றக்கூடியதல்ல. வாங்கும்போதே பொருந்தியாக வேண்டும்.

எதிரில் இருப்பவரின் கேள்விகளையும் கவனியுங்கள். குதிரையின் இனத்தையும் உங்கள் இருக்கை அளவையும் மட்டும் கேட்டுவிட்டு, கச்சிதமாக இருக்கும் என்று உறுதி கூறுபவரிடம் வாங்காதீர்கள். ஒரே இனத்தில் ஒன்றுக்கொன்று சேராத முதுகுகள் இருக்கின்றன.

வெள்ளோட்டக் காலம் எத்தனை நாள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, எத்தகைய கறை அல்லது கீறல் இருந்தால் திரும்பப் பெறமாட்டார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். திருப்பித் தர முடியாத சேணத்தை, அளவுகள் எவ்வளவு ஒத்துப்போனாலும், நேரில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தாள் வடிவம் தவறான சேணங்களை ஒதுக்க உதவும். சரியானது இதுதான் என்ற தீர்ப்பைக் குதிரையின் முதுகுதான் தரும்.

8. பழைய சேணமானால்

உள்சட்டம் உடைந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பின்மேட்டை உங்கள் தொடையில் ஊன்றி முன்மேட்டை உங்களை நோக்கி இழுங்கள். ஸ்பிரிங் வைத்த சட்டம் சற்று வளைந்து திரும்பும், அது இயல்பு. கிறீச்சிடுவதோ, ஒரு பக்கம் மட்டும் மடங்குவதோ, இருக்கையின் தோலில் குறுக்கே சுருக்கம் விழுவதோ ஆபத்தின் அடையாளம். பிறகு முன்பகுதியின் இரு முனைகளையும் முழங்கால்களுக்கு இடையே வைத்து அழுத்துங்கள். அங்கே அசைவே கூடாது.

சேணத்தைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து நோக்கினால் இரு அடிமெத்தைகளும் ஒரே தடிமனில், நடுக்கால்வாய் நேராக இருக்க வேண்டும். திணிப்பில் கட்டிகள் இருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். வயிற்றுவாரை மாட்டும் பட்டைகளின் தையல், அவற்றின் துளைகள் நீண்டுபோயிருக்கின்றனவா, அங்கவடி மாட்டும் இரும்புகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தையலைத் திருத்தலாம். முறுக்கிய உள்சட்டத்தை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

9. சேணம் வந்ததும்: நிற்கும் குதிரையில் சோதனை

சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு இல்லாமல் வெறும் முதுகில் வைத்துத் தொடங்குங்கள். விரிப்பு இடைவெளிகளையும் நெரிசலையும் ஒருசேர மறைத்துவிடும். முதுகும் அடிமெத்தையும் தூசியில்லாமல் இருக்க வேண்டும்; திருப்பி அனுப்ப நேரலாம்.

சேணத்தைத் தோள்மேட்டின் மேல் சற்று முன்னே வைத்து, மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். தானாக ஓர் இடத்தில் பொருந்தி நிற்கும். அதுதான் அதன் இடம். பழக்கமில்லாதவர்கள் பெரும்பாலும் சேணத்தை மிக முன்னே, தோள்பட்டையின் மேலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். சரியான சேணமும் தவறாகத் தெரியும். எனவே அடுத்தடுத்த சோதனைகளுக்கு முன் இந்த இடத்தை உறுதிப்படுத்துங்கள்.

இப்போது பக்கவாட்டில் நின்று சமநிலையைப் பாருங்கள். இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பென்சிலை இருக்கையில் குறுக்காக வைத்தால் அது உருண்டு நடுவில் நிற்க வேண்டும். பின்னோக்கிப் போனால் சட்டம் குறுகல். முன்பகுதி மேலே நிற்கிறது. முன்னோக்கிப் போனால் சட்டம் அகலம். முன்பகுதி தோள்மேட்டின் மேல் இறங்குகிறது. அடிமெத்தைத் திணிப்பும் காரணமாகலாம் என்பதால் முன்முனைகளின் கோணத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு, மூன்று விரல்கள் செங்குத்தாக நுழைய வேண்டும். மேலே மட்டும் பார்த்து விட்டுவிடாமல் பக்கங்களிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு இந்த இடைவெளி குறையும்; அப்போதும் எலும்பைத் தொடக் கூடாது. நடுக்கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று, நான்கு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் அதன் வழியே வெளிச்சம் தெரியும்.

முன்முனைகளின் கீழே கையை விட்டு மேலிருந்து கீழாக இழுங்கள். அழுத்தம் சீராக இருக்க வேண்டும். கீழே மட்டும் கை நெரிந்தால் சட்டம் குறுகல். மேலே மட்டும் நெரிந்தால் அகலம். அடுத்து அடிமெத்தையின் கீழே முன்னிருந்து பின்னாகக் கையைச் செலுத்துங்கள். நடுவில் கை தளர்ந்தால் பாலம். பின்மேட்டை அழுத்தும்போது முன்பகுதி எழுந்தாலோ, முன்மேட்டை அழுத்தும்போது பின்பகுதி எழுந்தாலோ சேணம் ஆடுகிறது. வயிற்றுவாரைக் கட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள். பின்பகுதி இலேசாகத் தூக்குவது கட்டியதும் அடங்கிவிடலாம்.

கண்ணால் உறுதி செய்ய, சாக்குப் பொடியை முதுகில் மெல்லியதாகத் தூவிச் சேணத்தை வைத்து, கட்டாமல், நேராக மேலே தூக்குங்கள். அடிமெத்தையில் பொடி ஒட்டிய விதமே தொடும் இடங்களின் படம். திரும்ப அனுப்ப வேண்டிய சேணத்தில் இதைச் செய்வதற்கு முன் விற்பவரின் அனுமதி கேளுங்கள்.

வயிற்றுவார் தொங்கும் இடத்தையும் பாருங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புக்கூடு குறுகும் இடத்தில் வார் இயல்பாகப் படியும். சேணத்தின் பட்டைகள் அந்த இடத்துக்கு நேர்மேலே தொங்க வேண்டும். பட்டைகள் பின்னால் இருந்தால், சவாரியில் வார் தன் இடத்துக்கு நழுவிச் சேணத்தையும் தோளின் மேல் இழுத்துவரும். மூன்று பட்டைகள் உள்ள சேணத்தில் முதல் பட்டை பெரும்பாலும் தனி நாடாவிலும், மற்ற இரண்டும் ஒரே நாடாவிலும் தைக்கப்பட்டிருக்கும். எனவே முதல் பட்டையோடு மற்றவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பூட்டுங்கள். ஒரு நாடா அறுந்தாலும் மற்றது தாங்கும்.

இந்தச் சோதனைகளில் ஒன்று தவறினாலும் ஏறாமல் திருப்பி அனுப்புங்கள். சவாரி செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. தோல் பழகும், திணிப்பு சற்று அமுங்கும். உள்சட்டத்தின் வடிவம் மாறாது.

10. ஏறிச் சோதித்தல்

மெல்லிய, சுத்தமான விரிப்பு ஒன்று போதும். அங்கவடி வார்கள் பக்கமடலில் தடம் பதிக்காமலிருக்க அவற்றின் மேல் துணி உறை போடுங்கள். முதல் நாள் வழக்கமான வேலையை மட்டும் செய்யுங்கள்: நடை, துள்ளுநடை, இருபுறமும் வட்டம், சிறிது பாய்ச்சல். குதிரையின் உடல் சூடேறியதும் இறங்காமலே தோள்மேட்டின் இடைவெளியை விரலால் மீண்டும் பாருங்கள்.

உதவியாளர் நேர்பின்னாலிருந்து காணொளி எடுக்கட்டும். சேணம் தொடர்ந்து ஒரே பக்கம் சரிந்தால் காரணம் சேணமாக இருக்கலாம், குதிரையின் பெரிய தோளாக இருக்கலாம், நீங்கள் சாய்ந்து உட்காருவதாகவும் இருக்கலாம், பின்னங்கால் நொண்டலாகவும் இருக்கலாம். வேறொருவரை ஏற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

குதிரையின் முகத்தைப் படியுங்கள். காதுகள் நெடுநேரம் பின்னே மடங்குவது, வால் விசிறிக்கொண்டே இருப்பது, வாய் திறப்பது, நடை குறுகுவது எல்லாம் செய்திகள். கால்நடை மருத்துவர் சூ டைசன் தம் குழுவோடு சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவு. அடங்காத குதிரை என்று முத்திரை குத்துவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவே முதுகெலும்பின் மேல் உலர்ந்த கோடு இருப்பது சரி. ஈரத்துக்கு நடுவே தனித்து உலர்ந்த திட்டு இருந்தால் இரண்டு பொருள் உண்டு: அங்கே அளவுக்கு மீறிய அழுத்தம், அல்லது தொடுதலே இல்லை. கையை அடிமெத்தையின் கீழ் விட்டுப் பார்த்தது இங்கேதான் உதவும். எதிர்த்திசையில் கலைந்த முடி, சேணம் அங்கே உராய்ந்து நகர்ந்ததைக் காட்டும். பழைய குதிரையின் முதுகில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால், எப்போதோ ஒரு சேணம் தோலைக் காயப்படுத்தியதன் தழும்பாக இருக்கலாம். இப்போதைய சேணத்தின் மேல் உடனே பழி போடாதீர்கள்.

மறுநாள் காலை, விரல்நுனிகளால் முதுகின் இருபுறமும் சீராக அழுத்திக்கொண்டு வாருங்கள். முதல் நாள் இல்லாத சுருக்கமோ, முதுகைத் தாழ்த்தி விலகுவதோ இருந்தால், சவாரி எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் அந்தச் சேணம் வேண்டாம்.

11. விரிப்பால் எதைத் திருத்தலாம்

குறுகலான சேணத்தின் கீழே தடித்த விரிப்பைப் போடுவது புதியவர்களின் முதல் எண்ணம். இறுக்கமான செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்டதுபோல அது நெரிசலைக் கூட்டும். குறுகல் எந்த விரிப்பாலும் தீராது.

சற்றே அகலமான சேணத்தையோ, ஒரு பக்கத் தோளின் சிறுத்த தசையையோ, பைகள் வைத்த விரிப்பில் மெல்லிய தகடுகளைச் செருகிச் சமன்செய்யலாம். வளரும் குதிரைக்கு இது நல்ல இடைக்கால ஏற்பாடு. தகடு வைத்த பிறகு 9ஆம் படியின் சோதனைகளை முழுவதும் மறுபடி செய்ய வேண்டும்; முன்னே உயர்த்தினால் பின்னே எடை கூடும். நடுக்கால்வாய்க்குள் விரிப்பை மேலே இழுத்துவிடவும் மறக்காதீர்கள். இறுகக் கிடக்கும் துணி தோள்மேட்டை அழுத்திப் புண்ணாக்கும்.

12. வாங்கிய பிறகு

கம்பளித் திணிப்பு முதல் சில மாதங்களில் அமுங்கும். சமநிலை மாறுகிறதா என்று பென்சில் சோதனையை அடிக்கடி செய்யுங்கள். திணிப்பைச் சேர்ப்பதற்குச் சேணத்தைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், அப்போதைய முதுகு வடிவத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். வாங்கியபோது எடுத்த தாள் அதற்கு உதவாது.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முதல் குறுக்கு வடிவத்தையாவது புதிதாக எடுத்து, பழைய தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பருவம், தீனி, பயிற்சி, வயது எல்லாமே அந்தக் கோட்டை நகர்த்தும். கோடு வெளியே விரிந்திருந்தால் தசை கூடியிருக்கிறது. சேணம் குறுகலாகத் தொடங்கியிருக்கும். உள்ளே சுருங்கியிருந்தால், எடை இழப்பா, சேண அழுத்தத்தால் தசை வற்றியதா என்று மருத்துவரிடம் கேட்க அந்த இரண்டு தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள்.